பளிங்கைச் சூடாக்கச் சொன்னேன்

"என்னுடைய பெயரை எடுத்துவிடுங்கள்" என்று பேராசிரியரிடம் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மேசையில் ஒரு கட்டுரையின் இறுதிப் பிரதி கிடந்தது. முதல் பெயர் என்னுடையது. கல்முனையில் பிறந்து, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழில் பௌதிகம் படித்து, புலமைப்பரிசிலில் அந்தக் குளிர் நாட்டுக்குப் போன ஒருத்திக்கு அப்படியொரு சஞ்சிகையில் முதல் பெயராக வருவது சின்ன விசயம் இல்லை. ஆனால் நான் அளந்த ஒரு வரைபு அந்தக் கட்டுரையில் இல்லை. என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டிருந்தார்.

"அது உண்மையான விளைவு இல்லை" என்றார். "உன்னுடைய பளிங்கில் மின்னேற்றம் தேங்குகிறது. அதைத்தான் நீ அளந்திருக்கிறாய்."

"அப்படியென்றால் பளிங்கைச் சூடாக்கிப் பார்ப்போம். தேங்கிய ஏற்றம் வடிந்து போய்விடும். அதற்குப் பிறகும் வரைபில் விலகல் இருந்தால் நான் சொல்வது சரி. இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது சரி."

"சூடாக்கினால் வெற்றிடம் கெட்டுவிடும். உனக்குப் பின்னால் வரிசையில் மற்ற மாணவர்கள் நிற்கிறார்கள்."

"அப்படியென்றால் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்முடுக்கி என்று ஒரு பெரிய இயந்திரம். அதிலிருந்து புரோத்தன் மாதிரியான, மின்னேற்றமுள்ள அயன்கள் மிக வேகமாக ஒரு கற்றையாக வரும். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஓர் உருக்குப் பாத்திரத்துக்குள் ஒரு சின்னப் பளிங்கு, அதாவது படிகம், இருக்கும். அதன் முகம் அணு மட்டத்தில் தட்டையாக இருக்கவேண்டும். அந்த முகத்தில் அயனை நேரே விட்டால் உள்ளே போய்ப் புதைந்துவிடும். நாங்கள் நேரே விடுவதில்லை. ஏறக்குறைய மட்டமாக, முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி விடுவோம். அந்தச் சரிவில் வருகிற அயனுக்குத் தனித்தனி அணுக்கள் தெரியாது. வரிசையாக நிற்கிற அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி அதைத் தள்ளிவிடும். அயன் உள்ளே போகாமல், வந்த அதே சரிவில் வெளியே போய்விடும். போகிற வழியில் மேற்பரப்பிலிருந்து இலத்திரன்களைக் கிளப்பிவிடும். உயர்தர வகுப்புப் பாடப்புத்தகத்தில் இதற்குக் காலல், அதாவது கக்குதல், என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அதுவே என் பிழைப்பாகிவிட்டது.

கிளம்புகிற இலத்திரன்களில் சில, அயனோடு சேர்ந்து, அதே திசையில், ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிவரும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் இல்லை. நான் கூட்டாளி இலத்திரன் என்று வைத்துக்கொண்டேன். வரைபில் அவை ஒரு கூரான உச்சியாகத் தெரியும்.

உலோகத்தின் மேல் இந்த உச்சி, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடிய சக்தியில் வரும். உலோகத்துக்குள் சும்மா ஓடித்திரிகிற இலத்திரன்கள் அயனின் இழுப்புக்கு அதன் பின்னாலே கூட்டமாக வந்து சேரும். அந்தக் கூட்டம் கூட்டாளியை முன்னுக்குத் தள்ளும். இது எல்லாருக்கும் தெரிந்தது. நான் எடுத்தது உலோகம் இல்லை. பொட்டாசியம் குளோரைட்டு, சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அது மின்னைக் கடத்தாத காவலி. அதன் மேல் என் உச்சி மற்றப் பக்கம் போய் நின்றது. கூட்டாளிகள் மெதுவாகிவிட்டார்கள்.

ஏன் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. உப்பில் ஓடித்திரிகிற இலத்திரன் இல்லை. அயன் ஓர் இலத்திரனைக் கிளப்பினால் அந்த இடத்தில் நேர் ஏற்றமுள்ள ஒரு துளை விழும். அது உடனே மூடாது. அயன் போன வழி முழுக்கத் துளைகள் வரிசையாகக் கிடந்து, கூட்டாளியைப் பின்னுக்கு இழுக்கும். இழுத்து முடிகிற நேரம் கண் சிமிட்டுகிற நேரத்தோடு ஒப்பிடக்கூட முடியாத அளவு சின்னது. பேராசிரியர் சொன்ன ஏற்றம் வேறு. அது பளிங்கு முழுக்க ஆறுதலாக, மெல்ல மெல்லத் தேங்குகிற ஏற்றம். அதுவும் இலத்திரனைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி சூடாக்குவது. சூடான உப்பில் தேங்கியது வடியும். நான் சொன்ன துளை வரிசை வடிவதற்கு நேரமே இல்லை.

இவ்வளவுதான் சண்டை. அளந்தவளின் பெயர் இல்லாமல் கட்டுரை வெளிவரவில்லை. என் ஆய்வேட்டின் கடைசியில் அந்த வரைபைப் போட்டு, ஏன் போடுகிறேன் என்றும் எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில் அவர் அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டம் தந்தார்கள். கையிலே ஒரு கட்டுரையும் இல்லாமல் ஊருக்குத் திரும்பினேன்.

உம்மாவுக்கு நான் என்ன படித்தேன் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. வருகிற போகிற சனம் எல்லாம் அவவிடம்தான் கேட்டது. கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கவனமாகக் கேட்டா.

"அப்ப உப்புக்கட்டியிலயா மனே அடிச்சுப் பாத்த?"

"ஓம் உம்மா."

"நம்மட ஊரில உப்பில்லாமயா இவ்வளவு தூரம் போன?"

சிரிப்பை அடக்கமுடியவில்லை. ஆனால் உம்மா நக்கலுக்குச் சொல்லவில்லை. கையைச் சரித்துக் காட்டி, "குளத்தில ஓட்டுத்துண்டச் சரிச்சி எறிஞ்சா தாவித் தாவிப் போகுமே, அது மாதிரியா?" என்றா.

"இல்ல உம்மா. ஓட்டுத்துண்டு தண்ணியத் தொடும். இது தொடாது."

"தொடாம எப்புடி மனே திரும்பும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அத்தனை வருசம் செலவழித்திருந்தேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்டால் உம்மா, "அவ தொடாமத் திரும்புறதப் பத்திப் படிச்சவ" என்று சொல்லி அனுப்பிவிடுவா. அவர்களும் போய்விடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மச்சான் வந்தார்; கட்டியவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அக்கரைப்பற்றில் நெல் வாங்கி விற்கிற கடை. படிப்பைப்பற்றிப் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் நான் மேசையில் இருந்தால் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொள்வார்.

ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தேன். கணினியில் கணக்குப் போடத்தான். கொழும்பில் ஒரு குழுவுக்கு முன்னால் போய் நின்றேன். தலைவராக இருந்தவர் வயதான, மரியாதையாகப் பேசுகிற மனிசன்.

"பிள்ளை, இந்த நாட்டில் இதற்கான ஆர்முடுக்கி எங்கே இருக்கிறது?"

"இல்லை சேர்."

"பிறகு?"

"ஆர்முடுக்கி இல்லாததால்தான் கணக்குப் போடக் கேட்கிறேன் சேர். கணக்குக்கு ஆர்முடுக்கி தேவையில்லை."

பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டார். "உங்கள் மாகாணம் நெல் மாகாணம். உமிச் சாம்பலில் எத்தனையோ வேலை செய்யலாம். அதைச் செய்தால் உடனே உதவி கிடைக்கும். நாட்டுக்கும் பிரயோசனம்."

உமியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைச் செய்கிறவர்கள் நல்ல வேலைதான் செய்கிறார்கள். ஆனால் அந்த மனிசன் என்னைப் பார்த்தவுடனே நெல்லைத்தான் கண்டார். அபாயா போட்டுக்கொண்டு கிழக்குக் கரையிலிருந்து வந்தவளுக்கு நெல்லும் மீனும் போதும் என்று அவருக்குள் முதலே முடிவாகி இருந்தது.

"உமிபற்றித் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள் சேர்" என்றேன். "அயன் மேற்பரப்பை உரசினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவள் அந்தக் கரையில் நான் ஒருத்திதான். என்னையும் உமிக்கு அனுப்பினால் யாரும் இல்லாமல் போய்விடும்."

தலைவர் சிரித்தார். உதவி தரவில்லை.

அடுத்ததாகப் பொருளாதாரம் சரிந்து நாடே விழுந்தது. பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் முறைவைத்து வந்தது. விரிவுரைகள் நின்று நின்று நடந்தன. அந்தக் காலத்தில்தான் நான் கணக்கைத் தொடங்கினேன். பொறுமை இல்லாமல்தான் தொடங்கினேன். எல்லாமே நின்றுபோயிருக்கிற நேரத்தில் என்னையும் நிற்கச் சொல்கிற மாதிரி எனக்குப் பட்டது. நிற்கமாட்டேன் என்ற பிடிவாதம்தான் முதலில் வந்தது. கணக்கு அதற்குப் பிறகுதான்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிப்பிக்கிற ஓர் அக்கா பக்கத்து ஊரான பாண்டிருப்பில் இருந்தா. என்னைவிட மூத்தவ. திரௌபதை அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. கடல் அலையை எப்படிக் கணக்காக எழுதுவது என்பது அவவின் படிப்பு. எங்கள் வீதிக்கு மின்சாரம் போகிற நேரம் அவவின் வீதிக்கு இருக்கும். அவவுக்குப் போகிற நேரம் எங்களுக்கு இருக்கும். மின்சார சபை எந்த எண்ணத்தில் அப்படிப் பிரித்ததோ, எங்களுக்கு வாய்த்தது. மடிக்கணினியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவேன். எங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கிற நேரம் அவ வருவா.

முதல் கிழமையே சந்தைச் சந்தியில் தெரிந்த மாமா ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன மகள் இது? படிச்ச புள்ள, அபாயாவோட சைக்கிள்ள போற. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"பெற்றோல் வந்தாக் கார்ல போவன் மாமா. வரல்லயே."

"அப்ப ஊட்ட இருந்து வேலையச் செய்யலாமே."

"ஊட்ட கரண்ட் இல்ல. இப்ப பாண்டிருப்பிலதான் இரிக்கி. நீங்க நிப்பாட்டி வெச்சிரிக்கிற நேரத்துக்கு அங்கயும் போயிரும்."

அவர் விலகி நின்றார். நான் மிதித்தேன். அடுத்த கிழமை அவருடைய மகள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ, சைக்கிளில் எனக்கு எதிரே வந்தா. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு கடந்து போனோம்.

கணக்கு இதுதான்: ஒரு கூட்டாளி இலத்திரன் அயனுக்குப் பக்கத்தில் பிறக்கிறது. அயன் இழுக்கிறது. பின்னால் துளைகளின் வரிசையும் இழுக்கிறது. ஒவ்வொரு சின்ன நேரத் துண்டிலும் அது எங்கே போகிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கணினி கணக்குப் பார்க்கும். இப்படி ஆயிரமாயிரம் இலத்திரன்களை ஓடவிட்டு, கடைசியில் அவை எந்தச் சக்தியில் வெளியே வருகின்றன என்று ஒரு வரைபு கீறும்.

முதல் வரைபு வந்த பகல் எனக்கு நல்ல ஞாபகம். நான் அளந்த உச்சி எங்கே நின்றதோ, கணக்கின் உச்சியும் அங்கேதான் நின்றது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். அக்கா குசினியில் நின்றவ, ஓடிவந்தா.

"பாருங்க அக்கா. முழுக்க நான் சொன்னதுதான். அவர் சொன்ன ஏற்றத்த நான் கணக்கில போடவே இல்ல. போடாமலே இஞ்ச வந்து நிக்கிது."

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா. வாழ்த்தவில்லை. கணினி நிரலை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினா. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"தங்கச்சி, துளை எல்லாத்தையும் எடுத்திட்டு அயன மட்டும் வெச்சி ஓடவிடுங்க."

"என்னத்துக்கு?"

"அயனோட சேந்து போற ஆள் பாக்கிற மாதிரிப் பாத்தா, இலத்திரன்ட மொத்தச் சக்தி மாறக்கூடாது. மாறுதா எண்டு பாப்பம்."

ஓடவிட்டோம். மாறியது. மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனது. இலத்திரன் அயனுக்குக் கிட்டப் போகிற இடத்தில் இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். அந்த இடத்தில் என் நேரத் துண்டு பெரிது. அயனுக்குப் பக்கத்தில் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் கணக்கே கொஞ்சம் சக்தியைத் திருடியிருக்கிறது. துளைகள் இழுத்ததாக நான் நினைத்ததில் ஒரு பங்கு என்னுடைய கணக்கின் பிழை.

துண்டைச் சின்னதாக்கி மறுபடி ஓடவிட்டோம். மின்சாரம் போய்வந்து, போய்வந்து, கணக்கு முடியச் சில நாள் எடுத்தது. புது உச்சி நான் அளந்த இடத்துக்கும் விலகலே இல்லாத இடத்துக்கும் நடுவிலே எங்கோ போய் நின்றது.

"அப்ப பேராசிரியரும் சரியா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கணக்கு ஒருத்தர்ட பக்கமும் கதைக்கல்ல தங்கச்சி. துளை வரிசை இரிக்கி. அதோட தேங்கின ஏற்றமும் இரிக்கி. ரெண்டும் சேந்துதான் நீங்க அளந்தது."

அன்றைக்கு நான் அவவோடு சரியாகக் கதைக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முழுக்கச் சரியாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அந்த அறையில் பெயரை எடுக்கச் சொல்லி நின்றதற்கு அதுதான் கூலி என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, ளுஹர் தொழுதுவிட்டு, பாயிலேயே இருந்து யோசித்தேன். அவர் "உண்மையான விளைவு இல்லை" என்றார். இருக்கிறது. நான் நினைத்த அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. இல்லை என்ற சொல்லுக்கு எதிராகத்தான் நான் நின்றேன். அதிலிருந்து இறங்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

பின்னேரமே திரும்பிப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு, "கோபம் முடிஞ்சா?" என்றா.

"முடியல்ல. ஆனா எழுதுவம்."

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். எங்கள் வரைபில் ஒரு கோடு கீறி, "பளிங்கைச் சூடாக்குங்கள். உச்சி திரும்பி வரும். ஆனால் முழுக்கத் திரும்பாது. இந்தக் கோட்டுக்குக் கிட்ட வந்து நின்றுவிடும். அதைத் தாண்டிப் போனால் நான் பிழை என்று எழுதித் தருகிறேன்" என்று சொன்னேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை. மூன்றாவது தடவை அனுப்பும்போது என்னோடு அங்கே படித்த வியட்நாம்காரிக்கும் ஒரு பிரதி வைத்தேன். அவள் அதே ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கற்றையில் அவளுக்கென்று ஒதுக்கிய நேரம் இருந்தது.

அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. "என்னுடைய நேரத்தில் நான் எதைச் சூடாக்கினால் யார் கேட்பது?"

பரிசோதனை நடந்த நாள் நான் மச்சானின் கடையில் இருந்தேன். அவருடைய கூரையில் சூரிய மின்தகடு இருந்தது; தொலைபேசி இணைப்பும் அங்கே நன்றாக எடுக்கும். பெரும்போக அறுவடை நேரம். முன்னால் லொறியிலிருந்து நெல் மூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் மூடைகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, அக்காவும் நானும் ஒரே திரையில் தலையை வைத்துக்கொண்டிருந்தோம். வியட்நாம்காரி தன்னுடைய தொலைபேசியை அங்கேயுள்ள திரைக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தாள். முதலில் சூடாக்காமல் எடுத்தாள். உச்சி நான் அன்றைக்கு அளந்த அதே இடத்தில் எழும்பியது. உண்மையான விளைவு இல்லை என்று அவர் சொன்ன அந்த உச்சி, வேறொருத்தியின் கையில், புதிதாகப் பிளந்த வேறொரு பளிங்கில், அச்சொட்டாக வந்து நிற்கிறது.

பிறகு சூடாக்கினாள். பேராசிரியர் சொன்ன மாதிரியே வெற்றிடம் கெட்டது. அது சீராகும்வரை காத்திருந்தோம். தேத்தண்ணி குடித்தோம். அஸர் தொழுதேன். திரும்பி வந்தபோது அவள் கற்றையைத் திறந்துவிட்டிருந்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. உச்சி திரும்பி வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் கண்டேன்.

"இன்னும் சூடாக்கு" என்றேன்.

"சூடாக்கிவிட்டேன். பார், இனி அசையவில்லை."

எங்கள் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்தில் நின்றது. சரியாகக் கோட்டின் மேலே என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நின்றது. விலகல் இல்லாத இடத்துக்குப் போகவே இல்லை.

மச்சான் வாசலில் தலையை நீட்டினார். "என்ன, நிண்டுட்டா?"

"நிண்டுட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு மூடை எண்ணப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் பேராசிரியரின் முகம் வந்தது. அவள் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். தலை நன்றாக நரைத்திருந்தது.

"ஒரு பகுதி தேங்கிய ஏற்றம்தான்" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"ஆம். ஒரு பகுதி."

"மிச்சம் உன்னுடையது."

"என்னுடையது இல்லை. துளைகளுடையது" என்றேன். அவர் சிரித்தார். அந்த மனிசன் சிரித்து நான் அதற்கு முதல் கண்டதில்லை.

கட்டுரையைச் சேர்ந்து எழுதலாம் என்றார். சூடாக்கிய வரைபை மட்டும் போடுவோம், அது சுத்தம், வாசிக்கிறவர்களுக்கும் குழப்பம் இல்லை என்றார்.

"இல்லை. இரண்டும் வேண்டும். சூடாக்காமல் எடுத்ததையும் போடவேண்டும். எவ்வளவு தேங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் எவ்வளவு பிழை என்பதும் அதிலே தெரியட்டும்."

"அது தேவையில்லாதது."

"அப்படியென்றால் மறுபடியும் என்னுடைய பெயரை எடுத்துவிடுங்கள்."

பக்கத்தில் அக்கா என் காலை மிதித்தா. திரையில் வியட்நாம்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோளில் தெரிந்தது. முன்னால் யாரோ தராசைத் துடைக்கச் சொல்லிக் கத்தினார்கள். பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி, இரண்டும்" என்றார்.

"இன்னொன்று. கணக்கைத் திருத்தியவ இவ." திரையை அக்காவின் பக்கம் திருப்பினேன். "இவவின் பெயரும் வரவேண்டும்."

"கடைசியில் நன்றி சொல்லிவிடலாமே?"

"இவ இல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பிழையான கோட்டைத்தான் அனுப்பியிருப்பேன். நன்றியில் போட்டுச் சமாளிக்கிற வேலை இல்லை இது."

அதற்கும் சம்மதித்தார். கட்டுரை வந்தபோது முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பாண்டிருப்புக்காரியுடையது. எங்கள் வளாகத்தின் முகவரி அந்தக் குளிர் நாட்டின் முகவரிக்கு மேலே இருந்தது. உம்மா அதைக் கையில் வாங்கி, ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாமல், வரைபை மட்டும் நெடுநேரம் பார்த்தா. "இந்த ரெண்டு மலையில எது உன்ட?" என்று கேட்டா. இரண்டும்தான் என்றேன்.

கட்டுரையையும் கொண்டு மறுபடி கொழும்புக் குழுவுக்கு முன்னால் போனேன். அதே தலைவர்தான் இருந்தார். எழும்பி நின்று கைகொடுத்தார். உமி சொன்ன மனிசன் இந்த முறை வேறு விதமாகக் கேட்டார்: "இதில் சாதாரண சனத்துக்கு என்ன நன்மை என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள்."

விண்வெளிக்குப் போகிற கலங்களின் காவலி உறைகளை அயன்கள் எப்படிப் பாதிக்கும், மெல்லிய படலங்களின் முகத்தை எப்படிப் பரிசோதிக்கலாம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவை பொய்யில்லை. ஆனால் நான் அதற்காக இதைச் செய்யவில்லை. இல்லாத காரணத்தைச் சொல்லி வாங்க மனம் வரவில்லை.

"சேர், ஓர் அயன் உப்பைத் தொடாமல் திரும்பிப் போகிறபோது என்ன நடக்கிறது என்று உலகத்துக்கு ஒரு விசயம் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். அதைக் கண்டு சொன்னதில் எங்கள் கரைக்கும் பங்கு இருக்கிறது. என்னிடம் இருக்கிற ஒரு வசனம் இதுதான்."

அந்த முறையும் தரவில்லை. தலைவர் மட்டும் வாசல்வரை வந்து, "அடுத்த வருசமும் விண்ணப்பியுங்கள் பிள்ளை" என்றார். விண்ணப்பித்திருக்கிறேன். தலைப்பில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் இப்போது வேறொரு சண்டை நடக்கிறது. எந்தப் பளிங்கும் முழுக்கத் தட்டை இல்லை. அணு உயரத்தில் சின்னச் சின்னப் படிகள் முகத்தில் இருக்கும். உரசிக்கொண்டு வருகிற அயன் அப்படியொரு படியைக் கண்டால் என்ன செய்யும், அதன் கூட்டாளி என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறோம். படியோடு கூட்டாளி பிரிந்துவிடும் என்கிறா அக்கா. பிரியாது என்கிறேன் நான். போன சனிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் இதைச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, யாருக்கும் யாருக்கும் பிரச்சினை என்று விசாரித்தா.

"ஒண்டுமில்ல ராத்தா" என்றேன். "இவ சொல்றா பிரியும் எண்டு. நான் உடமாட்டன்."